பின்னால் நின்று தள்ளிய எஞ்சின்

1

இந்தக் கதை அருப்புக்கோட்டையில்தான் நடந்திருக்க வேண்டும். நடக்காமல் போனதற்குத் தண்டவாளம்தான் காரணம்.

பம்பாய்க்கும் புனாவுக்கும் நடுவே மலையில் ஓடிய பழைய மின்சார எஞ்சின் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நீண்ட மூக்கு. சக்கரங்களைச் சேர்த்துப் பிடித்த தடித்த இரும்புத் தண்டுகள். கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஊரணித் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஊர்க்காரனுக்கு இதைவிட என்ன அதிசயம் வேண்டும்? உடனே எழுதினேன்:

"1948ஆம் வருஷம், திருச்சுழிக் கரிசலைத் தாண்டி அருப்புக்கோட்டைக்குள் ஒரு மின்சார ரயில்..."

அதற்கு மேல் வரவில்லை. அப்போது எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. எஞ்சினை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை என்றால், ஊர்க்காரன் ஒருவனை எஞ்சினிடம் அனுப்ப வேண்டியதுதான். திம்மையா அப்படித்தான் பிறந்தான்.

2

தறிக்காரக் குடும்பத்துப் பையன். யுத்தத்துக்கு முன்பே பம்பாய்ப் பக்கம் போய், ரயில்வேயில் எஞ்சின் துடைக்கச் சேர்ந்து, டிரைவருக்கு உதவியாளாகி, வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு தானே டிரைவரானவன்.

அவனுடைய எஞ்சின் மலையடிவாரத்தில், கர்ஜத் ஸ்டேஷனில் நிற்கும். மேலே போகிற வண்டியை இன்னொரு எஞ்சின் முன்னால் இழுக்க, இது பின்னால் மாட்டிக்கொண்டு தள்ளும். உச்சியில் கழற்றிவிட்டதும் தனியாக இறங்கி வரும். இறங்கும்போது சும்மா இறங்காது. தன் மோட்டாரிலேயே மின்சாரம் உண்டாக்கி மேலே உள்ள கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும். நிற்கும்போது முனகும். ஓடும்போது தண்டுகள் சரக் சரக்கென்று நடக்கும். அங்குள்ளவர்கள் அதை நண்டு என்றார்கள்.

[எஞ்சினைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். வெங்கடலட்சுமி ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறாள்.]

3

வெங்கடலட்சுமி திம்மையாவின் மனைவி. கல்யாணமாகி முதல் ஆடி. அழைத்துப்போக அவள் அப்பா நாகையா அருப்புக்கோட்டையிலிருந்து கர்ஜத்துக்கு வந்திருந்தார். மருமகன் வேலைக்குப் போகும்வரை ஆடியைப் பற்றியே பேசினார். போனதும் மிச்சத்தைச் சொன்னார்.

"திருப்பி அனுப்புறதா இல்ல, தாயி. தலைக்கு மேல கரண்டு, காலுக்குக் கீழ கரண்டு. இது என்ன பொழப்பு? அவுக வேலைய விட்டுட்டு ஊருக்கு வரட்டும். தறி இருக்கு."

"அவுக எஞ்சின நீங்க பாத்திருக்கீகளாப்பா?"

"பாக்க என்ன இருக்கு? பின்னால நின்னு தள்ளுற வேலைதான?"*

முதலில் எழுதிய படியில் இந்த இடத்தில் வெங்கடலட்சுமி அழுதாள். எனக்குப் பிடிக்கவில்லை, அவளுக்கும் பிடித்திருக்காது. இப்போது பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு, "வாங்க, மத்தியான வண்டியில போவோம்" என்கிறாள்.

(* இவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். எனக்குத் தெரிந்தது அருப்புக்கோட்டைத் தமிழ். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

4

அந்த வண்டியைத் தள்ளத் திம்மையாவே வருவது தற்செயல் என்று நினைப்பீர்கள். இல்லை. மத்தியான வண்டிக்கு அவனுக்குத்தான் முறை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் கண்ணில் எஞ்சினைக் காட்டத்தான் அந்த வண்டியில் ஏற்றினாள்.

அடைமழை. பாதி மலையில் முன் எஞ்சின் செத்துப்போனது. வண்டி நின்றது, கொஞ்சம் பின்னோக்கி நழுவி, பிரேக் பிடித்து மறுபடி நின்றது. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. மறுபக்கம் மலைச்சரிவிலிருந்து சிறு கற்கள் உருண்டு பெட்டிகள்மேல் விழ ஆரம்பித்தன. வேறு எஞ்சின் வரும்வரை அங்கே நிற்க முடியாது.

ரயில் கார்டு பின் எஞ்சினை நோக்கி ஓடினார். நாகையாவும் இறங்கி அவர் பின்னாலேயே போனார். எஞ்சின் ஜன்னலில் மருமகனைக் கண்டார்.

"மாப்ளே, ஒத்தையாத் தள்ளிருமா இது?"

"தள்ளிப் பாப்போம், மாமா." திம்மையா அப்போதுதான் யோசித்தான். "லச்சுமி உள்ளயா இருக்கா?"

"ஆமா."

அவன் முன்னால் வரிசையாக நின்ற பெட்டிகளைப் பார்த்தான். "அப்ப ஏறி அவ பக்கத்துல உக்காருங்க."

முதல் தடவை ஈரத் தண்டவாளத்தில் சக்கரங்கள் வெறுமனே சுற்றின. வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. பெட்டிகளில் குழந்தைகள் வீறிட்டன. திம்மையா மின்சாரத்தைக் குறைத்தான். சக்கரம் வழுக்காமல் பிடிக்க மணலைத் தூவவிட்டான். பிறகு மின்சாரத்தைக் கூட்டும் கைப்பிடியை ஒவ்வொரு பல்லாக, அவசரப்படாமல் தள்ளினான்.

முனகல் உறுமலானது. ஒரு பெட்டி அடுத்த பெட்டியை இடித்தது, அது அதற்கடுத்ததை. கடைசி இடி போய்ச் செத்த எஞ்சினைத் தொட்டது. தண்டுகள் மெல்ல ஒரு சுற்று வந்தன.

"தள்ளுறாகப்பா" என்றாள் வெங்கடலட்சுமி.

நாகையா உட்கார்ந்திருந்த பலகையைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி ஒரு குகைக்குள் நுழைந்தது, வெளியே வந்தது, இன்னொன்றுக்குள் நுழைந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் நிற்கவே இல்லை.

உச்சி ஸ்டேஷனில் ஜனம் மழையிலேயே இறங்கிப் பின்பக்கம் ஓடியது. ஒரு மராத்திக் கிழவர் எஞ்சினின் மூக்கைத் தொட்டுக் கும்பிட்டார். நாகையா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், தன் தறியில் தானே நெய்த ஜரிகைத் துண்டை எடுத்து மருமகனின் நனைந்த தோளில் போட்டார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அத்தனை பேரிடமும் திரும்பிச் சொன்னார்:

"எங்க வீட்டு மாப்ள."

5

இதோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் புது எஞ்சின் மாட்டியாகிவிட்டது. வண்டி கிளம்பப்போகிறது. இந்தப் பக்கம் ஊருக்குப் போகும் பெட்டி. அந்தப் பக்கம் கர்ஜத்துக்கு இறங்கும் லோக்கல். நடுவில் வெங்கடலட்சுமி, காலடியில் அவள் பெட்டி.

நாகையா தன் வாழ்நாளில் முதல் தடவையாக மகளைக் கேட்டார்:

"வாரியா, இருக்கியா? வந்தா ஆடி முடிஞ்சதும் நானே கொண்டாந்து விடுறேன். இருக்கிறதுன்னா இரு."

அவள் ஏதோ சொன்னாள். இரண்டு பதில் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே அவள் சொல்லக்கூடியவைதான். நாகையா சிரித்தார். குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சிரித்ததை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.