கல்லுக்கு இடப்பக்கம்

சொலேன் வழிகாட்டிப் போகும் சைக்கிள் சுற்றுலாக் கூட்டத்தை முந்த நத்தைகூட மூச்சு வாங்க வேண்டியதில்லை என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அவள் அதை மறுத்ததில்லை. பிரான்சில் பர்கண்டியின் திராட்சைச் சரிவுகளில் வேகமாகப் போகிறவனுக்கு மிஞ்சுவது வியர்வை மட்டும்தான் என்பது அவள் கட்சி. காலையில் ஒரு ஒயின்காரர் வீடு, மதியம் நிதானமான சாப்பாடு, மாலையில் இன்னொரு வீடு. நடுவில் பழுத்த செர்ரி மரம் கண்ணில் பட்டால் அதற்கும் ஒரு நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது மட்டும் அவள் வேகமாக மிதிப்பாள்.

அந்த ஜூன் மாதம் அவளோடு வந்தவர்கள் ஆறு ஹாலந்துக்காரர்கள். அதில் யோஸ்ட் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் வாய் ஓயாதவர். மேடு வந்தால் அவருக்குக் கேள்விகள் பிறக்கும். பதில் கேட்கும் சாக்கில் இறங்கி நிற்கலாமே.

ஒரு நாள் மாலை அவர்கள் ஃபிர்மேன் என்ற ஒயின்காரர் வீட்டு நிலவறைக்கு வந்தபோது, அவர் வலது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். போன வாரம் ஏணியிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது. சொலேன் பதறினாள். அவர் அதைக் காதில் வாங்காமல், இடது கையால் கோப்பைகளில் பாதியும் மேசையில் பாதியுமாக ஊற்றினார்.

"ஊத்துறதுதான் இடது கை. செஞ்சது வலது கை. பயப்படாம குடிங்க" என்றார்.

யோஸ்ட் முகர்ந்தார், குடித்தார், கண்ணை மூடி யோசித்தார். பிறகு மிகுந்த பாராட்டோடு, இதில் குதிரை லாயத்தின் வாசனை வருகிறது, ஆனால் நல்ல சுத்தமான லாயம் என்று சொன்னார். ஃபிர்மேனின் முகம் சுவராகிவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு, பீப்பாய்களைப் பார்க்கப் போவதாக உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை.

என்ன தவறு செய்தோம் என்று புரியாமல் யோஸ்ட் விழித்தார். ஃபிர்மேனின் மனைவி ஒதீல் ரொட்டியும் சீஸும் வைத்து விருந்தினர்களைச் சமாதானப்படுத்திவிட்டு, சொலேனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

விஷயம் இதுதான். ஃபிர்மேன் ரசாயன மருந்தெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டுத் தன் பாணியில் ஒயின் செய்ய ஆரம்பித்ததும், பக்கத்துத் திராட்சைக் கொல்லைக்காரர் ஒக்தாவ், ஒயின்காரர்களின் காவலரான புனித வின்சென்ட் விருந்தில் ஊரே பார்க்க, "இது ஒயின் இல்ல, குதிரை லாயம்" என்று சொல்லிவிட்டார். ஃபிர்மேன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தவர்தான். மூன்று வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லாதது போகட்டும். இப்போது திராட்சைக் கொடிகள் தூக்கி நிறுத்த ஆளில்லாமல் கிடக்கின்றன. ஜூன் மாதத் தளிர் ஒரு ராத்திரியில் ஒரு சாண் வளரும். அதைத் தூக்கிக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்திக் கொக்கி மாட்டாவிட்டால் காற்றில் முறிந்துபோகும். முறிந்தால் இந்த வருட அறுவடை இல்லை. நாளை மாலை பெருங்காற்றோடு இடிமழை என்று வானொலியில் சொல்லியாகிவிட்டது. அவர்களுடைய மேல்கொல்லை முழுக்க இன்னும் தரையில் சாய்ந்து கிடக்கிறது. கூலிக்கு ஆள் தேடினால், எல்லாரும் அவரவர் கம்பியைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"கொல்லைக்காரங்க சங்கம் இருக்கே? ஒருத்தருக்கு முடியலைன்னா மத்தவங்க வந்து செய்வாங்களே?" என்று கேட்டாள் சொலேன்.

"செய்வாங்க. புனிதர் எந்த வீட்ல இருக்காரோ அந்த வீட்டுக்காரர் கூப்பிட்டா."

வின்சென்டின் மரச்சிலை வருடத்துக்கு ஒரு வீட்டில் தங்கும். இந்த வருடம் யார் வீடு என்று ஒதீல் சொல்லவில்லை. அவள் பார்த்த பார்வையிலேயே சொலேனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒக்தாவ்."

"வாய் தெறந்து கேட்டா அந்த மனுஷன் வருவான். ஆனா கேட்டுட்டா இவரு ஃபிர்மேன் இல்லையே."

சங்கத்தில் மற்றவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் புனிதர் தங்கியிருக்கும் வீட்டைத் தாண்டிக்கொண்டு யாரும் தாமாக வரமாட்டார்கள். அது அங்கே வழக்கமில்லை. இப்படியாக இரண்டு வீம்புக்கு நடுவே ஒரு வருட உழைப்பு தரையில் கிடந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொலேன் விருந்தினர்களிடம் கேட்டாள். மறுநாள் காலை பார்ப்பதாக இருந்த கோட்டையை விட்டுவிட்டு ஒரு கொல்லையில் வேலை செய்ய யாருக்காவது சம்மதமா? கோட்டை நூற்றாண்டுகளாக அங்கேயேதான் நிற்கிறது, இனியும் நிற்கும் என்று ஒரு அம்மாள் சொன்னாள். மதியச் சாப்பாடு உண்டா என்று மட்டும் யோஸ்ட் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்குக் மாலையில் தன் வாய் செய்த காரியத்தைக் கையால் ஈடுகட்ட ஆசை.

சொலேன் ஒதீலிடம் தொலைபேசியில் இடம் கேட்டாள். மேல்கொல்லையில் ஒரு எல்லைக்கல் இருக்கும், அதற்கு இடப்பக்கம் முழுக்க எங்களுடையது என்றாள் ஒதீல். வேலி கிடையாது. அந்தச் சரிவில் யாருக்குமே வேலி கிடையாது.

காலையில் மேல்சாலை வழியாகப் போய், சைக்கிள்களைச் சாய்த்து வைத்துவிட்டு, கல்லைக் கண்டுபிடித்து, இடப்பக்கம் இறங்கினார்கள். சொலேன் இளவயதில் இந்த வேலையைக் கூலிக்குச் செய்தவள். வரிசைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று, கம்பியோடு சேர்த்துத் தளிர்களை அள்ளித் தூக்கி, கொக்கியில் மாட்ட வேண்டும். தளிர் முறியக் கூடாது. முதல் வரிசையில் நிறைய முறிந்தது. மூன்றாவது வரிசையில் யோஸ்ட் பாட ஆரம்பித்தார். வெயில் ஏற ஏறப் பாட்டு நின்றது, வேலை நிற்கவில்லை. மதியம் நெருங்கும்போது அந்தப் பக்கம் முழுக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கொடிகள் நிமிர்ந்து நின்றன.

அப்போதுதான் ஒதீல் சாப்பாட்டுக் கூடையோடு கீழிருந்து ஏறி வந்தாள். அவர்களைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

"சொலேன், நீ எந்தப் பக்கத்துல இருந்து வந்தே?"

"மேல் ரோட்டுல இருந்து."

"அட என் தாயே. கொல்லைக்காரங்க கீழ நின்னு மலையைப் பாத்துதான் இடது வலது சொல்லுவோம். நீங்க தூக்கி நிறுத்தினது பூரா ஒக்தாவோடது."

கல்லுக்கு அந்தப் பக்கம் ஃபிர்மேனின் தளிர்கள் தரையில் புரண்டு கிடந்தன. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. ஆறு பேருக்கும் கைகள் பச்சைச் சாயம் ஏறி, முதுகு நிமிர மறுத்தது. ஆண்டவரே, நல்லது செய்யத்தானே வந்தோம், கொஞ்சம் திசை காட்டியிருக்கக் கூடாதா என்று சொலேன் மனதுக்குள் கேட்டாள். கேட்டு முடிக்கும் முன் ஒரு வெள்ளை வண்டி மேடேறி வந்து நின்றது. ஒக்தாவ் இறங்கினார்.

பெரிய உடம்புக்காரர். வரிசை நெடுக நடந்து, ஒவ்வொரு கொக்கியாக விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இவங்கள அனுப்பினது யாரு?" என்று கேட்டார்.

ஒதீலின் விரல்கள் சொலேனின் சட்டைக் கையை இறுகப் பிடித்தன. ஃபிர்மேன் என்று ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். சொலேனுக்கும் அது தெரிந்தது. அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்து, நல்ல பிள்ளை மாதிரி நின்றது. ஆனால் பொய்யின் மேல் நிறுத்திய சமாதானத்தை எந்தக் கம்பி தாங்கும்?

"யாரும் அனுப்பல. ஃபிர்மேன் கொல்லைன்னு நெனச்சுச் செஞ்சுட்டோம். அவருக்கு இது தெரியவும் தெரியாது."

"அது எனக்குத் தெரியும்" என்றார் ஒக்தாவ். "காலையில இருந்து கீழ வண்டியில உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சொல்லலாம்னுதான் கதவைத் தெறந்தேன். அப்புறம் மூடிட்டேன். மூணு வருஷமா இந்தக் கல்லைத் தாண்ட ஒரு சாக்குக் கிடைக்கல, அம்மா. சைக்கிள்ல வந்து ஒரு கூட்டம் அதைக் கொடுக்குது. அதைப் போய் தடுப்பேனா?"

பிறகு தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தன் வேலை முடிந்துவிட்டது, புனிதர் வீட்டிலிருந்து கூப்பிடுகிறேன், ஃபிர்மேன் கொல்லைக்கு வாருங்கள் என்றார். மறுமுனையில் யாரோ நம்பாமல் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். "ஆமாய்யா, ஃபிர்மேன்தான். ஊர்ல எத்தனை ஃபிர்மேன் இருக்கான்?" என்று அதட்டினார்.

சாப்பாட்டுக் கூடை காலியாவதற்குள் வண்டிகள் வரத் தொடங்கின. மருமகன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், சாப்பாட்டு மேசையிலிருந்து துண்டோடு எழுந்து வந்தார்கள். யோஸ்ட் முதுகைப் பிடித்துக்கொண்டே எழுந்து, புதிதாக வந்தவர்களுக்குத் தளிரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிறந்ததிலிருந்து அதையே செய்கிறவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

தன் வீட்டைத் தாண்டி இத்தனை வண்டிகள் மேலே போவதைப் பார்த்து, ஃபிர்மேன் வீட்டுச் செருப்போடு மூச்சிரைக்க ஏறி வந்தார். பாதிக்கு மேல் வேலை முடிந்திருந்தது. ஒக்தாவ் இருந்த வரிசையின் முனையில் வந்து நின்றார். மற்றவர்கள் வேலையைப் பார்ப்பது போலக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"நான் யாரையும் கூப்பிடலையே" என்றார் ஃபிர்மேன்.

"நீ கூப்பிடல. நாந்தான் கூப்பிட்டேன். போன வாரமே கூப்பிட்டிருக்கணும்." ஒக்தாவ் தலையை நிமிர்த்தவில்லை. "அன்னிக்கு விருந்துல சொன்னதையும் சொல்லியிருக்கக் கூடாது."

"அப்ப என் ஒயின் நல்லாருக்குன்றியா?"

"அப்படி எங்க சொன்னேன்? எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாதுன்னேன்."

ஃபிர்மேன் கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தார். அப்புறம் கம்பியைப் பார்த்தார்.

"அந்தக் கொக்கி சரியா மாட்டல" என்றார்.

ஒக்தாவ் திரும்பிப் போய்க் கொக்கியை அவிழ்த்தார். ஃபிர்மேன் வரிசையின் மறுபக்கம் சுற்றி வந்து, நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொடுத்தார். காற்று மெல்ல எழுந்தது. இன்னும் நான்கைந்து வரிசைகள் பாக்கி இருந்தன.