தட்டுக்கு ஒரு துண்டு

"அம்மா மேசையில தட்டுவாங்களாம், சார் சொல்லுவாங்களாம். சரியா சார்?" பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் கேட்டாள். சார் சுவரைப் பார்த்தார். வாதம் வந்து வலக்கையையும் நாக்கையும் கட்டிப்போடும்வரை ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மனுஷர். பூனை, பந்து என்று படம் போட்ட அட்டைகளைப் போன தடவை விட்டெறிந்துவிட்டார். அதனால் இன்றைக்கு அவர் தகுதிக்கு ஏற்ற நீளத்தில் அட்டையில் ஒரு சொல்: அன்கம்ஃபர்ட்டபிள்.

"அன் தலை, கம்ஃபர்ட் உடம்பு, ஏபிள் வால். தட்டுக்கு ஒரு துண்டா உடைச்சு உடைச்சுச் சொல்ல வைங்கம்மா. இப்ப விட்டுட்டா அப்புறம் பேச்சு வர்றது கஷ்டம்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி எதிரே உட்கார்ந்து மேசையைத் தட்டினாள். "அன்... கம்... போர்ட்டு..."

அவருடைய இடப்பக்க உதடு மட்டும் மேலே ஏறியது. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க, ரெஃப்ரிஜிரேட்டர் சொல்லு பாப்போம்" என்பார். அவள் சொல்வாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு, காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். அப்புறம் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் யார் என்ன கேட்டாலும், "அவரைக் கேளுங்க" என்பதே அவள் பேச்சாகிப்போனது.

"பாதி வாய் செத்தும் இந்த இளக்காரம் சாகலையா?" அட்டையைத் தரையில் வீசினாள். "சிரிங்க! நல்லாச் சிரிங்க! நான் வாயை மூடிக்கிட்டது உங்களால. நீங்க மூடிக்கிட்டுக் கிடக்கப்போறது உங்க திமிரால. கெடங்க! எனக்கென்ன, வீடு நிம்மதியா இருக்கும்!"

உதடு இறங்கிவிட்டது. வாயைத் திறந்தார். "அ..." அதற்கு மேல் எச்சில்தான் வந்தது. மற்ற நேரமாயிருந்தால் முந்தானையால் துடைத்துவிட்டிருப்பாள். இப்போது கையை மேசையிலிருந்து எடுக்கவே இல்லை.

அவர் இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். யாரோ விட்டுப்போன சாமானைப் போல அந்தக் கையை மடியிலிருந்து இழுத்துத் தூக்கி, அவள் கைக்குப் பக்கத்தில் பொத்தென்று போட்டார். மறுபடியும் தூக்கினார்.

"அ... ன்."

எச்சில் தாடைக்கு வழிந்தது. அவள் துடைக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை.