கைகாட்டித் தூணின் ஈரம்

ஆறு நாளாக மழை இல்லை. ஆனாலும் இங்கிலாந்துக் கிராமமான வெல்டர்ஹாமின் நாற்சந்தியில், ஊர்களுக்கு வழிகாட்டி நின்ற வார்ப்பிரும்புக் கைகாட்டியில், முழங்கால் உயரத்தில் ஓடிய மயிரிழைக் கீறலிலிருந்து துருநீர் கசிந்துகொண்டே இருந்தது. வினிஃப்ரெட் துடைத்தாள். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் ஈரம்.

மார்ச் மாதம் அவள் கணவர் ஆம்புரோஸ் இறந்துபோனார். பத்தொன்பது வசந்தங்கள் இந்தத் தூணுக்கு வெள்ளை பூசியவர் அவர்தான். அவள் இன்னும் அழவில்லை. அவருடைய கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்கியது. தினமும் அதைக் கடந்து போய் வந்தாள், அவ்வளவுதான்.

ஊர் மன்றத்திலிருந்து வந்த பாசில் குனிந்து கீறலைப் பார்த்தார். “உறைபனி விழுந்தா வெடிச்சிடும், வின்னி. அதுக்குள்ள கசிவு நிக்கலைன்னா கழட்டிக் கிடங்குல போட்டுட்டு, அலுமினியக் கம்பம் ஒண்ணு நட்டுடுவாங்க.”

“ஒரு ஓட்டை போட்டுப் பாக்கலாமா?”

“பாதுகாக்கப்பட்ட சின்னமாச்சே. அனுமதிக்கே எட்டு வாரம் ஆகும், பனி நாலே வாரத்துல வந்துடும். ஆம்புரோஸ் பூசியிருக்கிற பெயிண்டைப் பாத்தா, உள்ள இரும்பு இருக்கான்னே எனக்குச் சந்தேகம்.”

“அவர் காதுல விழுந்திருந்தா ஏணியை உங்க மேல சாய்ச்சிருப்பார்,” என்றாள், சிரிக்காமல்.

அவர் போன பிறகு தூணைக் கரண்டியால் தட்டினாள். மேலே கணீரென்றது. தோள் உயரத்துக்குக் கீழே, நிரம்பிய வாளியைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலித்தது. தூண் உள்ளீடற்ற குழாய், உள்ளே தண்ணீர். உச்சி மூடியின் இடுக்கு வழியே இறங்கிய மழை, போக வழியில்லாமல் கீறலை அழுத்துகிறது; பனியில் உறைந்தால் விரிந்து இரும்பையே பிளந்துவிடும். அப்படியானால் இத்தனை வருடம் வெடிக்காமல் எப்படி நின்றது?

அதே பட்டறையில் வார்த்த இன்னொரு தூண் பக்கத்து ஊரில், யாரும் கவனிக்காமல் துருவேறி நின்றது. சைக்கிளில் போய்ப் பார்த்தாள். அடியில், புல்லுக்குள், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை.

திரும்பி வந்து இந்தத் தூணில் அதே இடத்தைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. கத்திமுனையால் சுரண்டினாள். வெள்ளை, அதன் கீழே வெள்ளை, அதன் கீழும் வெள்ளை. வருடத்துக்கு ஒரு பூச்சாகத் துளை மெல்ல அடைபட்டுப் போயிருந்தது. சுரண்டும் கை வேறு யாருடையதோ போலிருந்தது. கடைசி ஏடு உடைந்ததும் பழுப்பு நீர் அவள் காலணிமேல் பாய்ந்தது. கால் மணி நேரம் ஓடியது. கீறல் காய்ந்தது.

வீட்டுக்குப் போய், ஆம்புரோஸின் பெயிண்ட் டப்பா மூடியில் அவர் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: “அடித் துளையில் பெயிண்ட் படக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை கம்பி விட்டுத் துழாவ வேண்டும்.”