இருபது விநாடி

கேன்டீன் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை நாலு மாடி உயரம் நேராக ஏறியது. அதற்கு மேல் போகாமல், கூரையில் முட்டியதுபோலத் தட்டையாகப் பரவியது. டீ கிளாஸோடு ஜன்னலோரம் நின்றவன் பாதி டீயோடு கிளாஸைத் திண்டில் வைத்தான்.

ராக்கெட் எஞ்சினைத் தரையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்கும் நிலையம் அது. எரியும்போது சுற்றுவட்டாரத்தில் எவ்வளவு சத்தம் கேட்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது இவன் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்றிருக்கிற ஆளுக்கு அங்கே 'சத்தக்காரன்' என்று பெயர். வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். மதியம் இரண்டு மணிச் சோதனைக்குத்தான் கணக்குப் போட்டிருந்தான். மழை வரும் என்று நேற்று மாலை அதைக் காலை ஏழுக்கு மாற்றினார்கள். தாள் திரும்பி வந்ததும் நேரத்தை மட்டும் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான். எல்லோரும் செய்வதுதான். ஆனால் காலையில் தரையோரக் காற்று குளிர்ந்தும் மேற்காற்று சூடாகவும் இருந்தால், மேலே போய்த் தொலைய வேண்டிய சத்தம் வளைந்து தரைக்கே திரும்பும். எங்கோ தள்ளி, ஒரே இடத்தில் கொட்டும். இன்று அப்படித்தான் என்று புகை சொல்லிவிட்டது. அவசர அவசரமாக மறுபடி போட்டுப் பார்த்தான். கொட்டுகிற இடம் குன்றடிக் குடியிருப்பு. ஏழு கிலோமீட்டர். அக்கா வீடு.

அங்கே அக்கம்பக்கத்தார் சோதனைச் சத்தத்துக்குப் பயந்து நேற்றே வெளியே கிளம்பிவிட்டார்கள். நாங்களும் போகணுமா என்று அக்கா போனில் கேட்டாள். அவள் மாமனாருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். கட்டில் பெரிய கண்ணாடி ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. "உன் பையன் கதவைச் சாத்துற சத்தம்கூட வராது, பேசாம இரு" என்று சிரித்தவன் இவன்தான். பாவி.

இயக்குநர் அறைக்கு ஓடினான்.

"சார், நிறுத்துங்க. என் கணக்கு தப்பு."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா காத்து..."

"காத்தை அளந்த ரிப்போர்ட் இருக்கா?"

பலூன் விட்டு அளக்க நாற்பது நிமிடம் ஆகும். ஏழு மணிக்கு இருந்தது ஒன்பது.

"புகையைப் பாத்தேன்னு எழுதியா நான் எஞ்சினை நிறுத்துறது?" என்று அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னலோரம் திரும்பி வந்து அக்காவுக்குப் போன் போட்டான். நாலாவது முறைதான் எடுத்தாள்.

"ஜன்னலையெல்லாம் திறந்து வை, கண்ணாடி நொறுங்கிடும். மாமனாரை உள் ரூமுக்குக் கொண்டு போ. இப்பவே."

"நேத்து ஒண்ணுமில்லேன்னியேடா?"

"தப்பா சொல்லிட்டேன்க்கா. சீக்கிரம்."

போனை எங்கோ வைத்தாள். ஜன்னலை இழுத்தாள், கொண்டி துருப்பிடித்திருக்கிறது, அசையவில்லை என்று கத்தினாள். பிறகு கட்டில் தரையில் கிறீச்சிட்டது. "இரு, கட்டில் கால் வாசப்படியில மாட்டிக்கிச்சு. ஒத்தை ஆளா தூக்க முடியல..."

ஒலிபெருக்கியில் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டது. தரை அதிர்ந்தது, கிளாஸில் மிச்சமிருந்த டீ தளும்பியது. ஏழு கிலோமீட்டரைக் கடக்கச் சத்தத்துக்கு இருபது விநாடி. அந்தக் கணக்கில் மட்டும் தப்பில்லை. ஒரு காதைப் பொத்தி, மறு காதில் போனை அழுத்திக்கொண்டு எண்ணினான்.

பதினேழில் கட்டில் ஓசை நின்றது. அக்கா போனை எடுத்தாள்.

"டேய்," மூச்சு வாங்கச் சிரித்தாள், "ஏழு அடிச்சாச்சு, இங்க ஒண்ணுமே கேக்கலையே."