துண்டு எந்தத் தோளில்

ஏணி வந்த வாரமே சுவருக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

இருவரும் ஒரே கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர்கள். சுவர் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். ஒரு காலத்தில் அவனைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். ஏணி என்பது உடை மாற்றும் அறையில் வைத்த பெயர். கடல் தாண்டி வந்தவன், கறுப்பன், நெட்டையன். அவனுடைய சொந்தப் பெயர் வாயில் நுழையவில்லை என்றார்கள். யாரும் நுழைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

கோல்கீப்பர் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற ஆட்டக்காரனுக்கு இங்கே இடமில்லை என்றால் அங்கே இடம் கிடைக்கும். கோல் முன்னால் ஒருவன்தான் நிற்க முடியும். இன்னொருவன் பெஞ்சில் உட்கார்ந்து, முதலாமவன் விரல் எப்போது ஒடியும் என்று காத்திருப்பான். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். ஆட்டத்துக்கு முன்னால் முதலாமவனுக்குப் பந்து அடித்துக் கொடுத்து உடம்பைச் சூடாக்குவதும் அவன் வேலைதான். தன் இடத்தைப் பிடித்தவனைத் தானே தயார் செய்து அனுப்ப வேண்டும்.

ஜன்னலோரக் கொக்கி ஏணிக்குப் போனது. ஒன்றாம் எண் சட்டை போனது. சுவரின் பை கதவுப் பக்கக் கொக்கிக்கு வந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அவன் முழங்கையில் இடித்தது.

ஏணி மொழியைப் பேருந்து ஓட்டுநரிடம் கற்றான். வந்த புதிதில் கிளப் தலைவர் அறைக்குள் நுழைந்ததும், எழுந்து நின்று கையை நீட்டி, "வாடா, சாப்டியா?" என்றான். அறை ஒரு நொடி உறைந்தது. தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். போகும்போது அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

'இதையே நான் சொல்லியிருந்தா இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பான்' என்று சுவர் நினைத்துக்கொண்டான்.

முடி வெட்டப் போனால் அங்கேயும் அதே பேச்சு.

"உங்க ஏணி நேத்து ஒண்ணு புடிச்சான் பாருங்க" என்றார் முடி வெட்டுகிறவர். "எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் பறந்தான்! மனுஷனா அவன்?"

"நான் புடிச்சதையும் பார்த்திருக்கீங்கல்ல?"

"பார்க்காம என்ன. எங்க அப்பா உங்களைப் பத்தி நெறைய சொல்லுவாரு."

சுவர் கண்ணாடியைப் பார்த்தான். காதோரம் நரைத்திருந்தது. கத்தரி அதைச் சரியாகத் தேடிப் பிடித்தது.

அவனுக்கு மிஞ்சியது துண்டு ஒன்றுதான். எதிரணிக்காரர்கள் பெனால்டி அடிக்கும் காணொளிகளைப் பெஞ்சில் இருக்கும் கீப்பர் பார்த்து வைத்துக்கொள்வது அந்த கிளப்பில் வழக்கம். யார் எந்தப் பக்கம் அடிப்பான் என்பதைத் துண்டால் காட்டுவான். வலது தோளில் போட்டால் கோலில் நிற்பவன் தன் வலது கைப்பக்கம் குதிக்க வேண்டும். இடது தோள் என்றால் இடது. மடியில் வைத்தால் தெரியாது என்று பொருள். இந்த ஏற்பாடு அணிக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

அரையிறுதி ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்கு வந்தது. முதல் அடிக்குத் துண்டு இடது. ஏணி இடது பக்கம் குதித்துப் பிடித்தான். அரங்கம் எழுந்து நின்றது. அவன் பெயரை, அந்த வாயில் நுழையாத பெயரை, ஆயிரக்கணக்கான வாய்கள் கத்தின. இரண்டாவது அடி உள்ளே போனது. அப்போதும் கத்தினார்கள்.

மூன்றாவது ஆள் எப்போதும் கீப்பரின் வலது பக்கம்தான் அடிப்பான். சுவருக்கு அதில் சந்தேகமே இல்லை. துண்டை எடுத்தான். இடது தோளில் போட்டான்.

ஏணி வலது பக்கம் குதித்தான். பந்தைப் பிடித்தான். இவர்கள் அடித்த நான்கும் உள்ளே போக, அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது.

எல்லோரும் ஓடிப் போய் ஏணி மேல் விழுந்தார்கள். சுவரும் ஓடினான். கடைசியாகப் போய்ச் சேர்ந்தான்.

செய்தியாளர்கள் முன்னால் கோச் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஏணியைப் பற்றி ஒருவர் கேட்டார்.

"குதிச்சது அவன். யோசிச்சது நம்ம ஆளு" என்றார் கோச். "எங்க பழைய கீப்பர் பெஞ்சுல இருந்து துண்டால பக்கம் காட்டுறாரு. இது இத்தனை நாள் ரகசியம், இப்ப சொல்றேன். அந்த ஊர்க்காரங்களுக்கு ஆண்டவன் உடம்பைக் கொடுத்திருக்கான். மூளை வேலையை நாமதான் பார்த்துக்கணும்."

சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். கோச் இன்னொரு தடவை சொன்னார்.

சாயங்காலத்துக்குள் அந்தத் துணுக்கு எல்லாக் கைபேசிகளிலும் ஓடியது. கண்டித்தவர்கள் பாதி. உள்ளதைச் சொன்னார், இதில் என்ன தப்பு என்றவர்கள் மீதி. கால்பந்துச் சங்கம் விசாரிக்கப் போவதாக அறிவித்தது.

சுவர் தன் வீட்டுச் சமையலறையில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். கோச் சொன்ன முழுவதும் அவன் காதில் ஏறவில்லை. யோசிச்சது நம்ம ஆளு. அதை மட்டும் கேட்டான். யாராவது அவனை நம்ம ஆளு என்று சொல்லி நாளாகியிருந்தது.

அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணைப் பார்க்கும் வேலை. ஆட்டத்துக்கு வந்தாலும் அவள் பந்தைப் பார்ப்பதில்லை. பெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, அந்த மூணாவது ஆளு வலது பக்கம்னுதானே சொல்லிட்டிருந்தீங்க?" என்றாள், தட்டைக் கழுவிக்கொண்டே.

"ஆமா."

"துண்டை இடது தோள்ல போட்டீங்க."

"அவசரத்துல கை மாறிடுச்சு."

"சாப்பிடும்போதுகூட வலது வலதுன்னு முனகிட்டிருந்த ஆளுக்குக் கை மாறுமா?"

அவன் கைபேசியை அணைத்தான். அவள் குழாயை மூடினாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று.

மறுநாள் காலையில் கையுறை கழுவும் தொட்டியருகில் ஏணி நின்றிருந்தான். கையுறைகளை மற்றவர்களிடம் கொடுக்க மாட்டான். தானே சோப்புப் போட்டு, விரல் விரலாகப் பிழிவான். சுவருக்கும் அதே பழக்கம்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிழிந்தார்கள்.

"அண்ணே" என்றான் ஏணி. "மூணாவது துண்டு பார்த்தேன்."

சுவரின் கை நின்றது.

"நான் எப்பவும் துண்டைப் பார்ப்பேன். பார்த்துட்டு என் இஷ்டத்துக்குத்தான் குதிப்பேன். ரெண்டாவது ஆளு போடுற துண்டை நம்புறவன் கீப்பரா?"

"என்னடா பேசுற நீ?"

"நானும் ரெண்டாவதா இருந்திருக்கேன் அண்ணே. வேற நாட்டுல, வேற கிளப்புல. அங்க துண்டு இல்ல, தொப்பி. நானும் மாத்தி வெச்சிருக்கேன்." அவன் சிரித்தான். "அந்த ஆளு நம்பிட்டான், பாவம். கோல் போயிடுச்சு. ரெண்டு நாள் சந்தோஷமா தூங்கினேன்."

தன்னைத் திட்டியிருந்தால் சுவரிடம் பதில் இருந்திருக்கும்.

"அதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான் ஏணி. சிரிப்பு போய்விட்டது. "நீங்க ஒண்ணு சொல்லுங்க போதும். அவன் யோசிச்சுத்தான் குதிச்சான்னு சொல்லுங்க. துண்டு பத்திப் பேச வேணாம். அது ஒண்ணு மட்டும். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"பார்க்கலாம்" என்றான் சுவர்.

மதியம் கோச் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்கணுமாம். என்கிட்ட கை கொடுக்க மாட்டேங்கிறான். சரி, மனசு சரியில்லாதவனை எதுக்கு ஆட விடணும், பெஞ்சுல உட்கார வெச்சுடலாம்னு இருக்கேன்." மேசையில் இருந்த விசிலை உருட்டினார். "நாளைக்குப் பத்திரிகைக்காரங்க முன்னால என் பக்கத்துல உட்கார்ந்து உண்மையைச் சொல்லு. துண்டு நீதானே போட்ட?"

"ஆமா சார்."

"அவ்வளவுதான். ஃபைனல்ல கோல் உனக்கு."

சுவர் ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. விளக்குகள் முகத்தில் அடித்தன. அறையின் பின்சுவரில் சாய்ந்து ஏணி நின்றிருந்தான். அவ்வளவு உயரத்தில் அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"கோச் சொன்னதுல என்ன தப்பு இருக்கு?" என்றான் சுவர். "எந்தப் பக்கம்னு நான் சொல்றேன். அவர் குதிக்கிறார். அது வேலைப் பங்கீடு. இதுல நிறம் எங்க வந்தது?"

அன்று கோச்சை இன்னொரு தடவை சொல்லச் சொன்ன பெண் மறுபடி எழுந்தாள். "அவர் உங்க துண்டைப் பார்த்துத்தான் குதிக்கிறார்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியும்" என்றான் சுவர்.

சொல்லிவிட்டுப் பின்பக்கம் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

இறுதி ஆட்டத்தன்று ஜன்னலோரக் கொக்கியில் அவன் பை தொங்கியது. அவனுக்குப் பந்து அடித்துக் கொடுத்து உடம்பைச் சூடாக்கியவன் ஏணி. ஒரு பந்துகூட ஏமாற்றவில்லை. கைக்கு வர வேண்டியது கைக்கு வந்தது, எட்டிப் பிடிக்க வேண்டியது எட்டும் தூரத்தில் வந்தது. இவ்வளவு நன்றாகத் தான் ஒரு நாளும் அவனுக்கு அடித்துக் கொடுத்ததில்லை என்பது சுவருக்குத் தெரிந்தது. அதிலும் வயிறு எரிந்தது.

அந்த ஆட்டமும் பெனால்டிக்கு வந்தது. முதல் நான்கு அடிகளுக்கும் அவன் பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. காணொளிகளை அவன்தானே பார்த்திருக்கிறான். ஒன்றைத் தடுத்தான். எதிரணிக் கீப்பரும் ஒன்றைத் தடுத்தான். சுவரின் அணி அடித்த கடைசிப் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இனி எதிரணித் தலைவனின் அடி ஒன்றுதான். அது உள்ளே போனால் கோப்பை அவர்களுக்கு.

எதிரணித் தலைவன் வலது பக்கம் அடிப்பான். கீப்பரின் வலது. நெருக்கடி என்று வந்தால் வேறெங்கும் அடித்ததில்லை. சுவருக்கு அது கைரேகை மாதிரி தெரியும். குனிந்து கையுறைப் பட்டையை இறுக்கினான். நிமிர்ந்தபோது கண் பெஞ்சுக்குப் போய்விட்டது.

ஏணி எழுந்து நின்றிருந்தான். எதிரணித் தலைவன் பெஞ்சுக்கு முதுகு காட்டிப் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். துண்டு வலது தோளில் இருந்தது.

வலது என்று எனக்கும் தெரியும். அவனும் வலது என்கிறான். அவன் எதற்கு எனக்குச் சரியாகக் காட்டப் போகிறான்? தொப்பியை மாற்றி வைத்தவன். அன்று அத்தனை பேர் முன்னால் நான் பேசியதைக் கேட்டவன். அவன் வலது என்றால் இன்று அது இடதாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தலைவன் புதிதாக ஏதோ பழகியிருக்கிறான், அது இவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏணிக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

விசில் ஒலித்தது. சுவர் இடது பக்கம் பாய்ந்தான்.

பந்து வலது பக்கம் போனது. வேகமாகக்கூடப் போகவில்லை. அவன் தரையில் கிடந்தபடி அது வலையைத் தொடுவதைப் பார்த்தான்.

மேலே இருக்கைகளில் அவன் மனைவி பந்தைப் பார்த்திருக்க மாட்டாள்.

எதிரணிக்காரர்கள் மைதானத்தின் நடுவில் குதித்துக்கொண்டிருந்தார்கள். கோச் அவனைக் கடந்து போனார். நிற்கவில்லை.

"கொஞ்சமாவது யோசிச்சியாடா நீ?" என்றார்.

ஏணி கோல் வரை நடந்து வந்தான். குனிந்து கையை நீட்டி அவனைத் தூக்கிவிட்டான். அந்தக் கையில் வேர்வையே இல்லை.

"சரியாத்தான் காட்டியிருக்க" என்றான் சுவர். "நான் ஜெயிக்கணும்னு காட்டுனியா? இல்ல, சரியா காட்டினா நான் நம்ப மாட்டேன்னு தெரிஞ்சு காட்டுனியா?"

ஏணி அவன் முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான்.

"அது மூளை வேலை அண்ணே" என்றான். "நீங்களே பார்த்துக்கோங்க."

துண்டை எடுத்துச் சுவரின் தோளில் போட்டுவிட்டு நடந்தான். எந்தத் தோள் என்று சுவர் திரும்பிப் பார்க்கவில்லை.