சட்டைப்பையில் ஒரு கறுப்புக் கோலி

1

இந்தக் கதை மீன் பொரிக்கும்போது கிடைத்தது. எங்கள் ஊர்ப் போர்வீரர் மன்றத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கெளுத்தி பொரிப்பவன் நான். இருபத்தாறு வருடமாக ஒரே எண்ணெய். (பொய். இரண்டு முறை மாற்றினோம்.) நான் சொல்லும் பொய்களை அடைப்புக்குறிக்குள் ஒப்புக்கொண்டுவிடுவேன். வெளியே இருப்பதை நம்பலாம்.

2

முதல் தொடக்கம்: "கோல்பி குச்செரா இராக்கில் மக்களாட்சிக்காக உயிர் கொடுத்தான்." அடித்துவிட்டேன். வழக்கே இந்த வரியைப் பற்றித்தான்.

இரண்டாவது: "கோல்பி குச்செரா வீணாகச் செத்தான்." இதையும் அடித்தேன். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்களுடையதைப் போன்ற ஊரில் மளிகைக்கடை ஒன்றுதான். அவன் அம்மா ஆர்டெத் எதிரே வந்தால் எந்த அலமாரிக்குப் பின்னால் ஒளிவது?

ஆகவே கல்லிலிருந்து தொடங்குகிறேன். பூங்காவில் ஒரு கருங்கல், அதில் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். மே மாத நினைவு நாளுக்குள் கோல்பியின் பெயரும் கீழே ஒரு வரியும் செதுக்க வேண்டும். வரியை எழுதிக் கொடுத்தவன் அவன் அப்பா வெர்லின்: "அந்நிய மண்ணில் மக்களாட்சி மலரத் தன்னைத் தந்தான்."

3

வெர்லினுக்கு இது சும்மா வந்த வரி அல்ல. இராக்கில் தேர்தலன்று, ஓட்டுச்சாவடியாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காவல் நின்ற கோல்பி, அன்றே தொலைபேசியில் சொன்னான்: "அப்பா, ஒரு கிழவர் மை வச்ச விரலை என் மூஞ்சிக்கு நேரா தூக்கினார். நான் பயந்துபோய்த் துப்பாக்கியைத் தூக்கிட்டேன். மனுஷன் சிரிக்கிறார்ப்பா." மூன்று வாரம் கழித்து, அந்தப் பள்ளிக்கூடத்துச் சாலையிலேயே, குண்டு.

ஒரு வருடம் போனது. ஆர்டெத் கோலாச்சே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்:

"பேப்பர் பார்த்தியா? அந்தப் பள்ளிக்கூடம் குண்டு விழுந்து இப்ப வெறும் நாலு சுவராம்."

"பார்த்தேன்."

"இன்னும் அந்த வரி வேணுமா உனக்கு?"

"கிழவர் ஓட்டுப் போட்டார்ல? போட்டது போட்டதுதான்."

"அங்க நல்லா நடந்தா என் பிள்ளை செத்ததுக்கு அர்த்தம் உண்டு, நடக்கலைன்னா இல்லையா? தினம் பேப்பரைப் பார்த்துட்டுத்தான் நான் அழணுமா? பேரும் தேதியும் போதும், வெர்லின்."

"வெறும் பேரு இருந்தா, எதுக்குப் போனான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். கேக்கணும்னுதான் சொல்றேன்."

அவன் கொட்டகைக்குப் போய், டிரக்கின் எண்ணெயை மாற்றினான். போன தடவை மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை. கோல்பியை ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு அழைத்துப் போனது அந்த டிரக்கில்தான். வழியில் ஹாம்பர்கர் வாங்கிக் கொடுத்திருந்தான். அந்த வரி மட்டும் இல்லையென்றால், அந்த டிரக், அந்தக் காலை, அந்த ஹாம்பர்கர் எல்லாம்

(இந்த வாக்கியத்தை ஐந்து முறை முடித்தேன். ஐந்தும் மோசம். கிடக்கட்டும்.)

4

கல் விஷயத்தில் எங்கள் மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு வெள்ளைக் கோலி, ஒரு கறுப்புக் கோலி. சம்மதம் என்றால் வெள்ளையை மரப்பெட்டிக்குள் போட்டு, கறுப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுப்பு என்றால் மாற்றி. பெட்டிக்குள் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் வரி செத்தது. (இந்தப் பெட்டி ஊருக்கு முன்பே இங்கே இருந்தது, பெட்டியைச் சுற்றித்தான் ஊரைக் கட்டினார்கள்.)

கோலி போடும் நாளன்று, மன்றத்தில் காப்பிக் கூஜாவுடன் நின்ற ஆர்டெத், தலைவர் மெர்லைக் கேட்டாள்: "எனக்கு ஒரு கோலி?"

"நீ போருக்குப் போகலையே, ஆர்டெத்."

"அனுப்பினேன்."

"அனுப்பினவங்களுக்குக் கோலி கிடையாதும்மா. விதி அப்படி."

"நல்ல விதி. வாஷிங்டனுக்கும் எழுதிப் போடு, அங்க நிறைய கோலி மிச்சமாகும்."

ஒருவன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான்.

ஒவ்வொருவராகப் போட்டோம். நான் கொரியாவில் சமையல்காரன். எனக்கும் கோலி உண்டு. ஆர்டெத் சொல்வதுதான் சரி என்று நினைத்தேன். வெர்லின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளையைப் போட்டேன். இதற்கு அடைப்புக்குறி இல்லை.

கடைசி ஆள் வெர்லின்; அவனும் ஒரு காலத்தில் போருக்குப் போய் வந்தவன். மூடிய கையைப் பெட்டிக்குள் விட்டவன் எடுக்கவில்லை.

"மாட்டிக்கிச்சா?" என்றார் மெர்ல்.

"இல்ல," என்றான் வெர்லின். அவன் கண் ஆர்டெத்திடம் இருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. ஒரு கோப்பையில் காப்பி ஊற்றி, அவன் நாற்காலிக்கு எதிரே வைத்தாள்.

5

ஒரு முடிவில் எல்லாம் வெள்ளை. வரி கல்லில் ஏறுகிறது. ஒவ்வொரு மே மாதமும் ஆர்டெத் விரலால் பெயரை மட்டும் தடவுகிறாள். இன்னொன்றில் ஒரு கறுப்பு உருள்கிறது; ஊரே என்னைச் சந்தேகிக்கிறது, வெர்லின் வாய் திறப்பதில்லை.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். கல்லைப் போய்ப் பார்த்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும் என்பதால்தான் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

என்னால் முடிக்க முடியாது. என் வெள்ளையை அன்றே செலவழித்துவிட்டேன். இந்தாருங்கள், மிச்சமிருக்கும் கறுப்பு. போடலாம். என்னைப் போலச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் போகலாம். சீக்கிரம் மட்டும் முடிவு செய்யுங்கள். வெர்லினின் கை இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது, அவள் வைத்த காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.