ஒரு வகை நோய்

1

இந்தக் கதை கற்பனையில் உதிக்கவில்லை. ஃபோனில் வந்தது, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. (காலை பத்து மணி. ஓய்வுபெற்றவன் அப்போதுதான் பல் தேய்ப்பான்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: “சொற்களின் பெருங்கடலில் மூழ்கி முத்தெடுத்த ஒரு மனிதனின்…” அந்த மனிதன் நான்தான். மூழ்கவும் இல்லை, முத்தும் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: “அந்த அறையில் நான்கு மேசைகள், ஒரு மின்விசிறி, இரண்டு லட்சம் அட்டைகள்.” இது பரவாயில்லை. (அட்டைகளை யாரும் எண்ணியதில்லை. ஆண்டறிக்கையில் அப்படிப் போடுவோம்.)

2

அரிய ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதி அகராதி போடுவது அந்த அறையின் வேலை. கப்பல், பாறை, தேனீ, கட்டடம், மருத்துவம் என்று ஒரு துறையையும் விட்டுவைக்கவில்லை. அட்டைக்கு ஒரு சொல், நாளைக்கு நாற்பது அட்டை.

ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தேடுவீர்கள், தெரிந்தவரைக் கேட்பீர்கள். அதனால்தான் உங்களை அந்த வேலைக்கு எடுக்கவில்லை.

நாங்கள் “ஒரு வகை” என்று எழுதுவோம். ஒரு வகை மீன். ஒரு வகைப் பாறை. தப்பென்று யாரும் சொல்லிவிட முடியாது. மீன்தானே? எங்கள் பதிப்பாசிரியருக்கு ‘ஒருவகையார்’ என்றே பெயர் வைத்திருந்தோம். அவர் போனபின் நாற்காலியோடு சேர்ந்து அந்தப் பெயரும் எனக்கு வந்தது.

ஒருநாள் ‘ஃபெரூல்’ வந்தது. “ஒரு வகை வளையம்” என்று எழுதித் தள்ளினேன். பென்சிலின் நுனியில் ரப்பரை இறுக்கிப் பிடித்திருக்கும் தகர வளையம்தான் அது. நான் எழுதிய பென்சிலிலேயே இருந்தது.

அலுவலகத்துக்கு இரண்டு தெரு பின்னால் ஓர் இரும்புச் சாமான் கடையில் என் அண்ணன் நாற்பது வருடம் வேலை பார்த்தார். உளிப்பிடி பிளக்காமல் இருக்கப் போடும் அதே வளையத்தை அவர் தினமும் விற்றார். கேட்டிருந்தால் “பூண்” என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. பட்டம் வாங்கியவன் ஆணி விற்பவரிடம் போய் நிற்பதா?

3

ஃபோனில் அண்ணி.

“தம்பி, உங்க அண்ணனுக்கு மூளையில ரத்தக்குழாய் அடைச்சுப் போச்சு. பத்து நாளாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து மூணு நாள் ஆகுது.”

“பத்து நாளா? ஏன் அண்ணி சொல்லல?”

“சொன்னா மட்டும்…” என்று நிறுத்தினார்.

[முதலில் எழுதியபோது “வந்துடவா போறீங்க?” என்று முடித்திருந்தேன். அவர் அப்படி முடிக்கவில்லை. முடித்தது நான்.]

“சீட்டுல அனோமியான்னு எழுதியிருக்கு. டாக்டர் இங்கிலீஷ்ல ஏதோ வேகமா சொல்லிட்டுப் போயிட்டாரு. நம்ம வீட்லதான் உங்க புத்தகம் இருக்கேன்னு எடுத்துப் பாத்தேன். ஒரு வகை நோய்னு போட்டிருக்கீங்க.”

வாயிலிருந்த நுரையைத் துப்பினேன்.

“எந்த வகை தம்பி?”

குழாயை மூடினேன்.

“என்னைப் பாத்து ‘இவங்க… இவங்க…’ன்னு நிக்கிறாரு. பேரு வரல. முப்பத்தாறு வருசம் கூட இருந்திருக்கேன். என்னை மறந்துட்டாரா? அது அந்த வகையா?”

“பாத்துச் சொல்றேன் அண்ணி” என்று வைத்தேன். எதில் பார்ப்பது? என் புத்தகத்தில்தான் இருக்கிறதே, ஒரு வகை நோய் என்று! அந்த அட்டை எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வெட்கத்தை விட்டுத் தெரிந்த ஒரு டாக்டரைக் கேட்டேன். நான்கு நிமிடம். “பொருளைத் தெரியும், அதன் பயன் தெரியும், ஆளையும் தெரியும். பேர் மட்டும் வாய்க்கு வராது” என்றார். இதுவும் ஓர் அட்டையில் அடங்கியிருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே அண்ணி புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். எழுதியவனையே கேட்டால் மரியாதையாக இருக்காது என்று மூன்று நாள் தயங்கி, மூன்று நாளும் கணவர் தன்னை மறந்துவிட்டார் என்று அழுதிருக்கிறார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

4

பெயர் தெரியாமலே பிழைப்பு நடத்தியவனின் அண்ணனுக்குப் பெயர் வராத நோயா, ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் மூட்டுவலி என்று மாற்றிப் பார்த்தேன். மூட்டுவலிக்கு யார் அகராதி பார்க்கிறார்கள்? தவிர, அண்ணனுக்குப் பத்து நாளாக இருப்பது எங்கள் அலுவலகத்துக்கு முப்பது வருடமாக இருந்தது. அவருக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

5

அன்று மதியமே போனேன். டாக்டர் சொன்னதை வாசலிலேயே சொன்னேன். அண்ணி நம்பவில்லை. என் புத்தகத்தை நம்பியவர், என்னை எப்படி நம்புவார்? சாவியை எடுத்து அண்ணன் முன்னால் நீட்டினார்.

“இது என்னங்க?”

“அது… பூட்டுக்குள்ள விட்டுத் திருப்பறது. தொலைஞ்சா நம்ம வீட்டுக்கே நாம வெளியாளு.”

நான் என் பென்சிலை நீட்டி, பூணைத் தொட்டுக் காட்டினேன்.

“ரெண்டு தனித்தனி சாமானை விட்டுப்போகாம சேத்துப் பிடிக்கிறது” என்றார்.

அண்ணி சாவியைக் கீழே வைத்தார்.

“நான் யாருங்க?”

“இவங்க…” அண்ணன் தேடினார். பெயர் வரவில்லை. “சாப்பிட்டேன்னு நான் பொய் சொன்னா கண்டுபிடிக்கிறவங்க.”

அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். நான் எழுதிய அத்தனை அட்டைகளிலும் இப்படி ஒரு பொருள் வந்ததில்லை. அவசரமாக எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணிக்குத் தைரியம் வந்தது. என்னைக் காட்டினார்.

“சரி, இவரு யாரு?”

6

முடிவு ஒன்று: அண்ணன் என் கையைப் பிடித்து, “என்கூடப் பொறந்தது” என்றார். (பரிசு கிடைக்கக்கூடிய முடிவு.)

முடிவு இரண்டு: “ரெண்டு தெரு தள்ளியே இருந்துட்டு, கடைப்பக்கமே வராதவரு” என்றார்.

முடிவு மூன்று: அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டே

[இதற்குமேல் எழுதி ரப்பரால் அழித்துவிட்டேன்.]

அவர் ஏதோ ஒன்று சொன்னார். எனக்கு மட்டும் அவர் தேடவே இல்லை, சட்டென்று வந்தது. கேட்டதும் அண்ணி, “காபி போடறேன்” என்று உள்ளே போய்விட்டார். அது எந்த முடிவு என்று நான் சொல்லப்போவதில்லை. அட்டையை உங்களிடம் தருகிறேன்:

தம்பி (பெ.) : ……………………

உங்களுக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ இருக்கலாம். பெயர் மட்டும் வராமல் போனால் உங்களை அவர் எப்படிச் சொல்லுவார் என்று யோசித்து நிரப்புங்கள். தெரியாவிட்டால், வாய் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். “ஒரு வகைத் தம்பி” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் எழுதிப் பார்த்துவிட்டேன். தப்பென்று யாரும் சொல்லிவிட முடியாது.